ஆடிக்கு வரும் அப்பா

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்குள் துபாய்க்காரர் கலசப்பாக்கம் வந்து சேர்ந்துவிடுவார். ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, வெயில் அப்படி. கூடவே மனைவி, ஐந்து வயது மகள், நான்கு பெட்டி, ஒரு லேப்டாப். பெட்டிகள் வீட்டுக்குள் போய்விடும். லேப்டாப் மட்டும் திண்ணையிலேயே தங்கிவிடும். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். எதிர்த் திண்ணைக்காரனான எனக்குத் தெரிந்த காரணம் வேறு. தெருவில் போகிறவர்கள், "இன்னா தம்பி, லீவுலயும் ஆபீஸ் வேலையா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் தலையை நிமிர்த்தாமல், "இல்லைங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

அந்தக் குரலில் எங்கள் தெருவில் இதுவரை மாப்பிள்ளைதான் பார்த்திருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அவரைப் பார்க்கலாம். சட்டைப் பையில் இரண்டு போன் இருக்கும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், பேச்சில் பாதி இனிஷியலாக இருக்கும். ஐபி, பிஒய்பி, இஒய்எஃப்எஸ், கேஎச்டிஏ. அவருடைய அப்பா ஜவ்வாதுமலையிலும் கீழேயுமாக முப்பத்தெட்டு வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு நாள் அந்த இனிஷியலெல்லாம் சீட்டுக் கம்பெனிகள் என்று நினைத்துப் பெரியவர் பயந்துபோனார்.

லேப்டாப்பில் இருப்பது ஓர் எக்செல். மேலிருந்து கீழே பத்தொன்பது பள்ளிக்கூடம். இடமிருந்து வலம் முப்பத்துநாலு கேள்வி. எந்தப் பாடத்திட்டம், கட்டணம் எவ்வளவு, பஸ் எத்தனை நிமிஷம், நீச்சல் குளத்தின் ஆழம், எத்தனை நாட்டுப் பிள்ளைகள், மதியச் சாப்பாட்டில் தயிர் உண்டா. காலை ஒன்பது மணி ஆனால் அங்கே ஏழரை. பள்ளி அலுவலகம் திறந்ததும் போன் போட ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் நண்பர் யாரையோ பிடித்து, "அந்த ஸ்கூல்ல ஆயா இருக்காங்களா?" என்று சத்தமாக விசாரித்தார். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. உள்ளேயிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார்: "ஆயா இங்க இருக்கறேன், அங்க எதுக்குடா தேடற?"

இந்தக் கவலை ஏதோ நேற்று முளைத்தது அல்ல. கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் எல்லாருக்கும் இருந்ததுதான். இங்கே ஊழியம் செய்ய வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்ப மனமில்லாமல் 1901-இல் கொடைக்கானலில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஹைகிளர்க் என்ற பெயரில் ஆரம்பித்த அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஜெனிவாவில் உத்தியோகம் பார்த்த பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1924-இல் அங்கே ஒரு பள்ளி எழுந்தது. துபாயிலேயே எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால், 1961-இல், இந்தியர்கள் சேர்ந்து இந்தியன் ஹைஸ்கூலைத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்து அப்பாக்களுக்கு எதிரில் இருந்தது ஒரு பள்ளி. சேர்த்தார்கள், வேலைக்குப் போனார்கள். இன்று துபாயில் மட்டும் இருநூறுக்கு மேல் தனியார் பள்ளிகள். நம்மவரின் கவலை பஞ்சத்தில் பிறந்தது அல்ல, பந்தியில் பிறந்தது. இலையில் இருபது பதார்த்தம் விழுந்தபின் எதில் கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரின் முகம் அவருக்கு.

பள்ளிகளுக்கு அங்கே மதிப்பெண் போடுகிறார்கள். கேஎச்டிஏ என்பது அதற்கான அரசு அமைப்பு. ஆய்வாளர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்து, மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது, பலவீனம், மிகப் பலவீனம் என்று ஆறில் ஒன்றைச் சொல்வார்கள். இது பெரியவருக்கு உடனே புரிந்தது. "எங்களுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் இருந்துச்சுடா. அன்னிக்கு மட்டும் எல்லாப் பசங்களும் எண்ணெய் தடவி வந்துருப்பானுங்க" என்றார். மகன் அதை ரசிக்கவில்லை.

கட்டணம் வந்த அன்றைக்குத்தான் வீடு அமைதியானது. அவர் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பள்ளிக்கு வருஷத்துக்கு அறுபதாயிரம் திர்ஹம். பெரியவர் விரல் மடக்காமல் மனக்கணக்காகவே பெருக்கினார். பதினாலு லட்சத்தை நெருங்கியது. கொஞ்ச நேரம் பர்வதமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் ரிட்டையர் ஆனப்போ கைக்கு வந்ததே அதைவிடக் கம்மிடா" என்றார். "அதுல பஸ் சேராதுப்பா" என்றார் மகன், தகவலுக்காக.

வகுப்புக் கணக்கு அடுத்த குழப்பம். இந்தியப் பாடத்திட்டத்தில் யு.கே.ஜி. படிக்கிற வயதில் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் 'இயர் ஒன்' வந்துவிடுகிறது. அங்கே இயர் டூ என்றால் இங்கே ஒன்றாம் வகுப்பு. "அப்போ பக்கத்துத் தெரு ஸ்கூலுக்கு மாத்துனா பரிட்சை எழுதாமலே ஒரு கிளாஸ் பாஸா?" என்று பெரியவர் கேட்டார். "திரும்ப மாத்துனா ஃபெயிலா?" இரண்டுக்கும் பதில் வரவில்லை. மேலும் ஒன்று ஏப்ரலில் தொடங்குகிறது, மற்றொன்று செப்டம்பரில். ஷார்ஜாவில் வீடு பார்த்தால் வாடகை குறையும். ஆனால் 2022 முதல் அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, துபாயில் அப்படியில்லை. பெற்றோருக்கு ஒரு ஊர் விடுமுறை, பிள்ளைக்கு இன்னொரு ஊர் விடுமுறை என்று குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டாம். அதற்கும் எக்செல்லில் ஒரு கட்டம் இருக்கிறது.

ஒரு வாரம் முழுக்க ஐபி வாரம். ஐபி என்கிற இன்டர்நேஷனல் பாக்கலரேட் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம்தான் பிஒய்பி. மூன்று வயது முதல் பன்னிரண்டு வரைக்கும். மாணவரிடம் வளர வேண்டிய குணங்கள் என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை பத்து. அதைக் கேட்டதும் ஆயா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். "பத்துப் பொருத்தமா? ரஜ்ஜு இருக்கா பாரு. மத்தது இல்லாட்டியும் பரவால்ல."

அந்தப் பத்தில் ஒன்று, துணிந்து இறங்குவது. ரிஸ்க் டேக்கர். அதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே கொல்லையில் ஒரு கூச்சல். ஓடினோம். பாப்பா கிணற்றுக் கட்டைமேல் ஏறி, கவுனைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி, "ஆயா, தண்ணி ஏன் கருப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பது அந்தப் பத்தில் இன்னொரு குணம். ஆக ஒரே நேரத்தில் இரண்டு தேறிவிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார வைத்து, "இப்படியெல்லாம் ஏறக்கூடாது" என்று நாலு தடவை சொன்னார். பெரியவர் விடவில்லை. "ரிஸ்க்குனு தானே தேடற? பர்வதமலைக்குக் கூட்டிப் போவோம். கடப்பாறை நெட்டுன்னு செங்குத்தா ஒரு ஏத்தம் இருக்கே, அதுல ஏத்தி எறக்கினா எந்த ஸ்கூல்லயும் சேத்துக்குவான்." அதற்கு நம்மவர் கேட்டது, "அங்க சேஃப்டி நெட் போட்டிருக்காங்களா?"

பெரியவருக்கும் மகனுக்கும் ஒரே ஒரு நாள்தான் நிஜமான விவாதம் நடந்தது. பட்டியலில் ஒரு பள்ளியின் படங்களை மகன் பெருமையாகக் காட்டினார். பிள்ளைகள் பெஞ்சில் உட்காருவதில்லை, பாயில் உட்காருகிறார்கள். டீச்சரும் கீழேதான். பிள்ளை தனக்கான அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் படிக்கிறது. வரைந்ததைக் கம்பியில் தொங்கவிடுகிறார்கள். சுவரோரம் தரையை ஒட்டிப் பலகை; குழந்தை கைக்கு எட்டும்.

"செயல்வழிக் கற்றல்" என்றார் பெரியவர்.

"இது வேறப்பா. இது ரிசர்ச் பண்ணிக் கொண்டுவந்தது."

"2007-ல எங்களுக்கெல்லாம் பாய் குடுத்துட்டாங்கடா. அட்டை, ஏணிப்படி, கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை, எல்லாம் வந்துச்சு. தமிழ்நாடு பூரா. என் மூட்டு வலி அங்கதான் ஆரம்பிச்சுது." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் ஒரே கூடத்துல உக்காந்திருப்பாங்க."

"அதைத்தான் மல்டி ஏஜ்னு சொல்றாங்க. அதுக்குத் தனி ஃபீஸ்" என்றார் மகன்.

பெரியவர் எதுவும் பேசவில்லை. அவர் மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தபோது வாத்தியார் குறைவு என்பதால்தான் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடம். அதற்குப் பெயர் வைக்கவும் தோன்றவில்லை, கட்டணம் வைக்கவும் தோன்றவில்லை. நியாயமாகச் சொன்னால் மகன் பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு: படத்திலிருந்த டீச்சருக்கு முன்னால் பதினெட்டுப் பிள்ளைகள். பெரியவருக்கு முன்னால் அறுபது. பாய் ஒன்றாக இருந்தாலும் கணக்கு ஒன்றல்ல.

அன்று சாயங்காலம் பெரியவர் தன் பரிட்சையை வைத்தார். பாப்பாவை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி தொட்டது. "சேத்துக்கலாம்" என்றார். நம்மவர் லேப்டாப்பைத் திறந்து, "இது என்னப்பா அளக்குது? உடல் வளர்ச்சியா, ஒருங்கிணைப்பா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முப்பத்தைந்தாவது கட்டம்: காது.

தமிழுக்கு என்று ஒரு கட்டம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பெரும்பாலும் காலி. அரபி கட்டாயம், ஆங்கிலத்தில் பாடம், விருப்பப்பட்டால் பிரெஞ்சு. தாத்தா இரண்டு வாரம் மணலைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத்து சொல்லிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ப் பலகையைப் படிக்கச் சொன்னார். அரபியை வலமிருந்து பழகிய குழந்தை, விரலை நீட்டி, மெதுவாக, "ர்... ளூ... போ" என்றது. கண்டக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. எழுத்து மூன்றும் சரி; திசைதான் வேறு. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் அதை மூன்று முறை சொன்னார்.

இதற்கிடையில் மேலத் தெருவுக்குச் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அங்கே அரசுப் பள்ளியில் தமிழ் உண்டு. அது அவருக்குத் தெம்பு. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு முதலில் குடிமக்கள், அப்புறம்தான் இவரைப் போன்ற நிரந்தரவாசிகள். பள்ளியிலிருந்து வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். ஆகவே அவர் எக்செல் வைத்துக்கொள்ளவில்லை. காம்பஸ் வைத்து வரைபடத்தில் வட்டம் போடுகிறார். இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்கப் பேசினார்கள். பார்த்தவர்கள் நிலத்தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இத்தனை நாளும் துபாய்க்காரரின் மனைவி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஒரு காலை, நம்மவர் பதினான்காம் பள்ளியின் நீச்சல் குளம் மூன்றடியா நாலடியா என்று போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் முறத்தை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "மாடி வீட்டுப் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல ஒரு சீட்டு இருக்காம். அந்தப் பொண்ணு கூடப் போனா இவ அழமாட்டா. பஸ் நம்ம கேட்டுக்கே ஆறு அம்பதுக்கு வருது. பணம் கட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டு அவர் முதலில் பார்த்தது எக்செல்லைத்தான். அந்தப் பள்ளி பட்டியலிலேயே இல்லை.

அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அதை இருபதாவது பள்ளியாகச் சேர்த்து, முப்பத்தைந்து கட்டத்தையும் நிரப்பி, கூட்டிப் பார்த்தார். பதினோராவது இடம் வந்தது. நீச்சல் குளத்துக்கு மதிப்பெண்ணை மாற்றிப் பார்த்தார், ஒன்பது வந்தது. அதற்குமேல் ஏறவில்லை. "போகட்டும், ஒரு வருஷம் பாக்கலாம்" என்று என்னிடம் சொன்னார்.

மூன்றாம் வாரம் குடும்பம் சென்னைக்குக் கிளம்பியது. ஒரு மூட்டை சாமை, ஒரு பாட்டில் மலைத்தேன், ஆயா வறுத்த மல்லாட்டை. காரில் ஏறும்போதே கேட்டார், மேல்நிலைக்கு ஐபி நல்லதா கேம்பிரிட்ஜ் நல்லதா என்று எனக்கு ஏதாவது தெரியுமா என.

அடுத்த ஆடிக்கு நிச்சயம் வருவார். நீங்கள் கூழ் குடிக்கவோ பர்வதமலை ஏறவோ எங்கள் பக்கம் வந்து, திண்ணையில் லேப்டாப்போடு ஒருவரைப் பார்த்தால், வணக்கம் சொல்லுங்கள், தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்பார். பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருபது வரிசையோடு நிற்கட்டும்.