தகடூரில் ஒரு பீலி

கேள்வி: ஒரு பெண் நல்ல கவிஞராக, ஊர் சுற்ற வேண்டுமா, அழ வேண்டுமா?
– ஒரு வாசகி, மாரமங்கலம்

பதில்: உங்கள் மலைக்கு வடக்கே ஒருத்தி இரண்டையும் செய்திருக்கிறாள். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகச் சங்ககால ஔவை தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போனாள். (ஆத்திசூடி ஔவைப்பாட்டி வேறு, காலத்தால் மிகப் பிந்தியவர்.) ஆயுதச் சாலையைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினான் தொண்டைமான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று அடுக்கிய வேல்கள். எங்கள் அரசனின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் ஔவை. புகழ்வதுபோல் ஒரு குட்டு! புறநானூறு 95.

பிறகு அதியமான் இறந்தான். அப்போது பாடியது 232. அதிலும் மயிற்பீலி வருகிறது, இந்த முறை அவனுக்காக நட்ட நடுகல்லின் மேல். மலையோடு நாட்டையே தந்தாலும் வாங்காதவன், ஒரு சிறு கலத்தில் ஊற்றும் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறாள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அந்தச் சிறு கலம்தான். பயணத்தில் அவள் கேலி செய்த அதே பீலி, இழப்பில் கல்லுக்கு அலங்காரமாகிவிட்டது. எது முதலில் பாடப்பட்டது என்று தெரியாமல் படித்தாலும் வலிக்கும். தெரிந்து படித்தால் இன்னும் வலிக்கும்.

அதியமான் வெறும் கதை இல்லை. 1981-இல் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. ஒருநாள் மலையிறங்கித் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் வாருங்கள். அங்கே இருப்பவை பிற்கால நடுகற்கள்தான், ஆனாலும் அவற்றின் முன்னால் நின்று 232-ஐ ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.