நாலாறு அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம், "புது வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டால், "6666 வே!" என்பார். மைலேஜ் கேட்டாலும் அதே பதில்தான்.

கால் கிலோ கடலைப்பருப்பில் தராசுத் தட்டு சற்றே தாழ்ந்தால், இரண்டு விரலால் நாலு பருப்பைக் கிள்ளித் திரும்பச் சாக்கில் போடுகிற மனிதர். வண்டி நம்பரின் அந்த நாலு ஆறுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்றால் மட்டும் குரல் தழையும். "மதினிகிட்ட சொல்லிராதீரும். இன்சூரன்ஸ்னு சொல்லி வச்சிருக்கேன்."

கணக்கு கேட்டால் விரல் மடக்குவார். "கூட்டுனா 24. அதையும் கூட்டுனா 6. சுக்கிரன்!" எட்டு வந்தால் சனியாம். பழைய வண்டிக்குக் கூட்டுத்தொகை எட்டுதான். அதில் சுற்றித்தான் மூன்று கடை திறந்தார். சுக்கிரன் வந்த முதல் வாரமே வண்ணாரப்பேட்டையில் மினிபஸ் உரசி, இடதுபக்கக் கதவு ஒடுங்கியது. "வேற நம்பர்னா ஆளே போயிருப்பேன்லா" என்றார்.

அவருக்கு ஒரே மனக்குறை, பிளேட். ஆறுகளைப் பூசணிக்காய் அளவுக்கும் மற்ற எழுத்துகளைக் கடுகு அளவுக்கும் எழுத ஆசை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர்பாதுகாப்பு பிளேட்தான். அவருடையதும் ஊரார் வண்டியும் ஒரே அச்சு.

"துபாய்ல 2023-ல 'பி 7'ங்கிற நம்பர் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்குப் போச்சு, தெரியுமா? அதுக்கு முன்னால நம்மது ஒண்ணுமேயில்ல." அந்தப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடப் போனது என்றேன். உளுந்து நிறுக்கத் திரும்பிவிட்டார்.

பணம் தண்டமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருமுறை பார்த்தால் மறக்காத நம்பர் கேட்டார், கிடைத்தது. கோயில் கொடைக்கு வரி கேட்பவர்கள் வண்டியைப் பார்த்தே வழிமறிக்கிறார்கள். அண்ணாச்சிக்கோ சர்க்கரை. அல்வாக் கடை வாசலில் 6666 நின்றால், இலையில் அல்வா விழுவதற்குள் மதினிக்குப் போன் போய்விடுகிறது.

இப்போதெல்லாம் சாயங்காலமானால், கடைப்பையனின் டி.வி.எஸ். 50-ஐ வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போகிறார். அதன் நம்பரைக் கூட்டினால் எட்டு.