தெரியுதா?

அக்கா மகன் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். இருந்தவரை ஃப்ரிட்ஜைக் காலி செய்தான், என் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், டிவி ரிமோட்டை எங்கேயோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மருமகன் உரிமை, அதையெல்லாம் நான் கணக்கில் வைப்பதில்லை. (ரிமோட் கிடைத்தால் தேவலை.) ஆனால் கிளம்புகிற நேரத்தில், நான் என் சின்ன டேப்லெட்டைப் பெருவிரலால் தள்ளிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்து நின்று ஒன்று சொன்னான். அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

"மாமா, இதுல ரைட் சைடு முன்னாடி ஓடுது, லெஃப்ட் சைடு பின்னாடி வருது. இத்தனை நாளா கவனிக்கலையா?"

"எது ஓடுது?"

"எழுத்துதான். ரெண்டு ஓரத்தையும் ஒரே நேரத்துல பாத்துக்கிட்டே மேல தள்ளுங்க. தெரியுதா?"

தள்ளினேன். தெரிந்தது. தொலைந்தேன்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கோணல் என்னோடு தங்கிவிட்டது. செய்தியைத் தள்ளினாலும் கோணுகிறது, சமையல் குறிப்பைத் தள்ளினாலும் கோணுகிறது, ராசிபலனைத் தள்ளினால் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோணுகிறது. இது உண்மையிலேயே மனிதனுக்குத் தொந்தரவா, இல்லை ஒருவன் சொல்லிக்கொடுத்ததால் வந்த வியாதியா என்பதுதான் கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

ஜெல்லி ஸ்க்ரோலிங் என்று இந்தக் கோணலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்றது ஐபேட் மினியின் ஆறாம் தலைமுறையால். 2021 செப்டம்பரில் வந்தது. ஹோம் பட்டனை எடுத்துவிட்டு, ஓரங்களைச் சுருக்கி, 8.3 அங்குலத் திரையோடு ஆப்பிள் அதை இறக்கியபோது நம் ஊரில் ஆரம்ப விலை 46,900 ரூபாய். என்னிடம் இருப்பது அது இல்லை. அந்த விலைக்கு எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்குவார்கள், மீதிக்கு மிக்ஸியும். என்னுடையது பெயரைச் சொன்னால் "அப்படி ஒரு கம்பெனி இருக்கா?" என்று கேட்கிற ரகம். ஆனால் வியாதி பணக்காரன், ஏழை பார்ப்பதில்லை.

விஷயம் இவ்வளவுதான். திரையில் படம் மொத்தமாக ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஓர் ஓரத்தில் ஆரம்பித்து வரி வரியாக மறு ஓரத்துக்குப் போகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய 16.7 மில்லிநொடி ஆகிறது. மேலிருந்து கீழாகப் போனால் வம்பில்லை. நாம் தள்ளும்போது எழுத்து துளி நீளும் அல்லது துளி சுருங்கும், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பக்கவாட்டில் போனால்தான் ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். ஸ்ரீரங்கத்தில் தேர் இழுக்கும்போது ஒரு வடத்துக்காரர்கள் உற்சாகத்தில் முந்திவிட்டால் தேர் லேசாக ஒரு பக்கம் கோணி வருமே, அதுதான். சாதனங்களைக் கழற்றிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஐஃபிக்ஸிட்காரர்கள் ஐபேட் மினியையும் கழற்றிப் பார்த்தார்கள். ஐபேட் ஏரில் திரையை ஓட்டும் சர்க்யூட் மேல் ஓரத்தில் இருக்கிறது. மினியை நிமிர்த்திப் பிடித்தால் அது இடது ஓரத்தில் இருக்கிறது. வடம் பிடித்தவன் பக்கவாட்டில் நிற்கிறான்.

ஜனங்கள் கூச்சல் போட்டதும் ஆப்பிள் என்ன சொன்னது தெரியுமா? எல்சிடி திரை என்றால் இப்படித்தான், இது நார்மல். அதற்கு முன்பே, 2017-ல், ஒன்பிளஸ் 5 போனில் இதே ஆட்டம் வந்தது. திரையைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பதுதான் காரணம் என்று நோண்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனியும் இயல்பானதுதான் என்று சொல்லி முடித்துக்கொண்டது. 2022-ல் அமெரிக்காவில் ஐபேட் மினிக்காக ஒருவர் வழக்கே போட்டார். 2024 அக்டோபரில் அடுத்த மினி வந்தது; அதே 8.3 அங்குலம், அதே 60 ஹெர்ட்ஸ். குறைந்துவிட்டது என்றார்கள் பாதிப் பேர், அப்படியேதான் இருக்கிறது என்றார்கள் மீதிப் பேர். கண் டாக்டர்களைக் கேட்டிருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளை விற்றுவிட்டு, கோணுகிறதே என்று கேட்டால் நார்மல் என்று சொல்கிற தைரியம் எனக்கு வேலை பார்த்த காலத்தில் இருந்திருந்தால், நானும் நாலு பிரமோஷன் வாங்கியிருப்பேன்.

சரி, தொந்தரவா இல்லையா என்பதற்கு வருகிறேன். நான் ஒருவன் சொன்னால் போதாது, ஊர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா? டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மனைவி. முகத்துக்கு நேரே நீட்டி, மேலும் கீழும் தள்ளி, "தெரியுதா?" என்றேன்.

"தெரியுது. மூட்டு வலிக்கு முடக்கத்தான் கீரைன்னு தேடியிருக்கீங்க. டாக்டர்கிட்ட போங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

அது இல்லை, எழுத்தைப் பார் என்றேன். பார்த்தாள். ஸ்கிரீனில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதாகவும், வடை சாப்பிட்ட கையோடு தொட்டிருப்பதாகவும், அந்த வடை அத்தனையும் யாருக்காக மூடி வைத்திருந்தது என்பதாகவும் பேச்சு போயிற்று. மெதுவாக நகர்ந்தேன்.

அடுத்து அப்பா. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, மாட்டி, டேப்லெட்டை ஒரு கை தூரத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். காவிரி நீர்மட்டம் பற்றிய செய்தி. நான் தள்ளினேன். "தள்ளாதடா, படிச்சிட்டிருக்கேன்" என்றார். தள்ளினால்தான் தெரியும் என்றேன். "தள்ளினா எப்படிடா படிக்கிறது?" என்றார். இரண்டு பேரும் இதே இடத்தில் கொஞ்ச நேரம் சுற்றினோம். கடைசியில் அவர் செய்தியை முழுவதும் படித்து முடித்து, மேட்டூரில் எத்தனை அடி என்பதை எனக்கு விளக்கிவிட்டுத் தூங்கப் போனார்.

மாமியாரிடம் காட்டினேன். "கலரெல்லாம் நல்லா இருக்குங்க மாப்பிள்ளை" என்றார். நான் ஒரு அம்மிக்கல்லை நீட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். தங்கமான மனுஷி, ஆனால் ஆராய்ச்சிக்கு உதவ மாட்டார்.

எதிர்வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஜினைப் பார்த்த கண் இதையா பார்க்காது என்று நம்பிப் போனேன். "கோணுதுங்கிறீங்க, அவ்வளவுதானே?" என்று உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்தார். என் வீட்டு ஊஞ்சலில் டேப்லெட்டைப் படுக்கவைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கால் இஞ்ச் இறக்கம் இருக்கு சார்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஆனா இது ஊஞ்சல்ல இருக்கிற இறக்கம்." அன்று சாயங்காலம் முழுக்க ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றி மாட்டினார். நல்ல வேலைக்காரர். ஊஞ்சல் இப்போது முன்பைவிடக் கிறீச்சிடுகிறது.

மேல்வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு. அவன் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டான். "ஆமா அங்கிள், செம்மயா ஆடுது!" சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேகமாகத் தள்ளி எவ்வளவு ஆட்ட முடியும் என்று பார்த்தான். தங்கச்சியையும் கூட்டிவந்தான். இப்போது தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டும் வந்து என் டேப்லெட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் விடவில்லை. நீட்டினேன், "தெரியுதா?" என்றேன். கூர்ந்து பார்த்தார். "இதுல ஓடிபி இல்லையே சார்?" என்றார்.

இவர்களையெல்லாம் மன்னிக்கலாம். ஓர் இனம் இருக்கிறது, கேள்வி முடிவதற்குள் "ஆமாமா, நல்லாவே தெரியுது" என்று சொல்கிற இனம். என் பழைய ஆபீஸில் பாதிப் பேர் அந்த இனம். எந்தப் பக்கம் முன்னால் ஓடுகிறது என்று மடக்கிக் கேட்டால், "லெஃப்ட்" என்பார்கள். ரைட் என்றால், "அதான், உங்க ரைட்டு, என் லெஃப்ட்" என்பார்கள். பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்துகொண்டு! மச்சினனுக்கு வீடியோ காலில் காட்டினேன். திரையைப் போனுக்கு எதிரே பிடித்துத் தள்ளிக்கொண்டே "தெரியுதா? தெரியுதா?" என்றேன். "மாமா, ஹலோ, கேக்குதா? நீங்க ஸ்ட்ரக் ஆயிட்டீங்க" என்றான். கூரியர்காரர், பால்காரர், அப்பாவுக்கு பிசியோதெரபி செய்ய வருகிற தம்பி என்று பட்டியல் நீள்கிறது. பிசியோதெரபி தம்பி என் கழுத்தைப் பிடித்துப் பார்த்து, "குனிஞ்சே பாக்குறீங்க, அதான்" என்றார். எது அதான் என்று நான் கேட்கவில்லை.

எங்கே விட்டேன்? தொந்தரவு.

கணக்கு ஒன்று போட்டேன். 8.3 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் உயரம் சுமார் 17.6 சென்டிமீட்டர். முழுப் பக்கத்தை அரை நொடியில் தள்ளுகிறோம் என்று வையுங்கள். 16.7 மில்லிநொடியில் எழுத்து கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஒரு வரி உயரம் வித்தியாசம். அதே பக்கத்தை ஆற அமர இரண்டு நொடியில் தள்ளினால் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 120 ஹெர்ட்ஸ் திரையென்றால் அதிலும் பாதி. விரலை எடுத்தால் பூஜ்யம். எல்லா எழுத்தும் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற ஒழுங்கில் நின்றுவிடும். இன்னொன்று, கண் எழுத்தின் பின்னாலேயே ஓடினால்தான் கோணல் தெரியும். கண்ணை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு எழுத்தைப் போகவிட்டால் வெறும் மங்கல்தான்.

ஆக, படிப்பவனுக்கு இது தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரியாததன் ரகசியம் அதுதான். நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறவனுக்கு, அதுவும் அவசரமாகத் தள்ளுகிறவனுக்கு, அதுவும் ஓடுகிற எழுத்தைத் துரத்துகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படியென்ன துரத்துகிறோம்? நேற்று நான் துரத்தியதில் ஒரு நடிகரின் விவாகரத்து, தங்கம் விலை, பழைய டேப்லெட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் சலுகை, மறுபடியும் அதே நடிகரின் விவாகரத்து. இதில் எது நேராக வந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்காதீர்கள். நீங்களும் தள்ளுகிறவர்தான்.

டேப்லெட்டைப் படுக்கவைத்துப் பிடித்தால் கோணல் மாயமாகிவிடும் என்பது உண்மை. செய்து பார்த்தேன். மேலே ஒரு விளம்பரம், கீழே ஒரு விளம்பரம், நடுவில் குக்கீ சம்மதமா என்று ஒரு பெட்டி. செய்திக்கு மிஞ்சியது இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் கோணாமல் நிற்பதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

பதிலுக்கு வருவதற்குள் மனைவி என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "ஊர்ல யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுதுன்னா பவர் மாறியிருக்கு." கடைப் பையன் எழுத்து அட்டையைக் காட்டினான், முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னான், பலூன் படம் காட்டினான். எல்லாம் முடிந்ததும் நான் டேப்லெட்டை எடுத்து நீட்டினேன்.

"தெரியுதா?"

"தெரியுது சார்" என்றான் நிதானமாக.

நான் ஏமாறுகிறவன் இல்லை. "எந்தப் பக்கம் முன்னால ஓடுது?"

"உங்களுக்கு எந்தப் பக்கம் சார் தோணுது?"

"ரைட்."

"அதேதான் சார்."

இத்தனை பேரில் ஒரு மனிதன்! அந்த ஆனந்தத்தில் அவன் சொன்ன ப்ரோக்ரஸிவ் லென்ஸுக்குத் தலையாட்டினேன். ஆன்டி கிளேர் என்றான், சரி என்றேன். ப்ளூ கட் என்றான், அதுவும் சரி. ஃப்ரேம் மட்டும் மனைவி தேர்ந்தெடுத்தாள், விலையைப் பார்த்து.

கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு கடையிலிருந்து இறங்கினேன். படி ஒன்று எழுந்து வந்து வரவேற்றது. தலையை இடது பக்கம் திருப்பினால் கதவு நிலை வளைகிறது, வலது பக்கம் திருப்பினால் மனைவி வளைகிறாள். வீட்டுக்கு வந்து டேப்லெட்டைத் தள்ளினேன். முன்பு வலது பக்கம் மட்டும்தான் முந்திக்கொண்டு ஓடியது. இப்போது இரண்டு ஓரமும் சேர்ந்து நெளிகின்றன. எது லென்ஸ், எது திரை என்று பிரிக்க வழியில்லை. கடைக்கு போன் போட்டேன். அதே பையன்தான் எடுத்தான்.

"தம்பி, ரெண்டு பக்கமும் ஆடுதுப்பா."

"அது நார்மல் சார். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."