கப்பலறைத் திணையியல்: அகமா, புறமா?

அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவுக்குள் நுழையும் உல்லாசக் கப்பலில் உறங்குவோர் இரு வகையினர்: சன்னலற்ற உள்ளறையார், பால்கனியார். இப்பாகுபாட்டைத் தம் கண்டுபிடிப்பாக எண்ணிக் கப்பல் கம்பெனிகள் காசு பார்க்கின்றன. அகம், புறம் என்று நாம் பகுத்துவைத்து ஈராயிரம் ஆண்டு ஆகிறது. ஆகவே இவ்வாய்வுக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரமே முதல்நூல். பயண முகவரின் விலைப்பட்டியல் வழிநூல். சன்னல் மட்டும் உள்ள அறை இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டது.

முதலில் புறம். இதன் நிலம், பனியாறும் அது வந்து முடியும் கடலும். பொழுது கோடை, அதாவது கம்பளித் தொப்பி வேண்டிய கோடை. கருப்பொருள்: கடல்நீர்நாய், சீல், தொலைநோக்கி, போர்வை. உரிப்பொருள் மகிழ்ச்சி என்பர் விளம்பரம் எழுதுவோர். அன்று, ‘அந்தப் பக்கம் என்ன தெரிகிறதோ’ என்னும் ஏக்கமே உரிப்பொருள். கப்பலுக்குப் பக்கம் இரண்டு, பால்கனிக்கு ஒன்று. திமிங்கிலம் எப்பக்கம் மூச்சுவிடும் என்று ரசீதில் எழுதித் தருவதில்லை. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றனர் முன்னோர். ஒருபக்கக் காட்சிக்கும் அதுவே பெயராகுக.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுமே என்பர் மறுப்பாளர். காட்டும். 21 மைல் நீளமுள்ள அப்பனியாறு, முகப்பில் ஒரு மைல் அகலமும் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயரமுமாக நிற்கிறது. ஆனால் அச்சுவர் எப்போது பெயர்ந்து விழும் என்பது கேப்டன் கையில் இல்லை. அந்த ஓசையை ‘வெள்ளை இடி’ என்பர் அங்குள்ள டிலிங்கிட் மக்கள். இடப்பக்கத்தார் பனி சரிவதைக் காணும் கணத்தில், வலப்பக்கத்தார் செவிப்பயன் மட்டும் பெற்று எதிர்க்கரைப் பாறையை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

மேல்தளத்துக்குப் போனால் இரு பக்கமும் இலவசம். 1794இல் கடலோடி வான்கூவரின் குழுவினர் வந்தபோது இவ்விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாக இருந்ததையும், 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது அப்பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்ததையும் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் கப்பலேறி ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் சுடச்சுடப் பட்டாணி சூப்பும் உண்டு. பால்கனியார் வரமாட்டார். கொடுத்த காசு காலைக் கட்டிப்போட்டிருக்கும்.

இனி அகம். உரிப்பொருள், உறக்கம். ஜூன் மாதத்தில் அலாஸ்காவின் ஜூனோ நகரில் 4 மணிக்கு முன்பே விடிந்துவிடும். இரவு 10 மணிவரை சூரியன் அடங்காது. உள்ளறையிலோ விளக்கை அணைத்த கணமே அமாவாசை. அகத்தில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபு. உள்ளறையாரும் இரவு விருந்தில் எவரேனும் கேட்டால் தம் தளத்தின் எண்ணைச் சொல்வாரேயன்றி அறையின் வகையைச் சொல்லார்.

கம்பெனிகள் இவ்விலக்கணத்தைக் குழப்பப் பலவாறு முயன்றுள்ளன. 1984இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பல் உள்ளறையையே ஒழித்து, எல்லா அறைகளையும் வெளிப்பக்கம் வைத்தது. 2009இன் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கடலைக் காணாமல் கப்பலின் நடுவிலுள்ள பூங்காவை நோக்கும் பால்கனிகளைக் கட்டியது. கடலுக்கு நடுவே கடலுக்கு முதுகு காட்டுவதால் இதைப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் சேர்த்தேன். 2014இல் நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ் கப்பலின் உள்ளறைகளில் 80 அங்குலத் திரை வைத்து, வெளியே உள்ள கடலை நேரலையில் காட்டினார்கள். அகத்துக்குள் புறம்! உரையாசிரியர்கள் பிழைத்தார்கள்.

பால்கனிக்கு ஆதரவாக ஒரே வாதம் எஞ்சுகிறது, அது வலுவானது. பல் விளக்காமல், தலை வாராமல், யார் முகத்திலும் விழிக்காமல் பனியாறு பார்க்கும் உரிமையை வேறெந்த அறையும் தருவதில்லை. கூடுதல் கட்டணம் இதற்கே என்று வெளிப்படையாகச் சொன்னால் நானும் கொடுத்துவிடுவேன்.

ஒரு வகை மட்டும் எத்திணையிலும் அடங்கவில்லை. சன்னல் உண்டு, அதை முழுக்க அடைத்தபடி ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கும். விலை சற்றுக் குறைவு, காட்சி அறவே இல்லை. ஆயினும் ஆபத்து வந்தால் தம் படகு எங்கே என்று தேட வேண்டாதவர் கப்பலில் அவ்வறையார் ஒருவரே.