மதர்போர்டு மகாத்மியம்: பி.எக்ஸ். காண்டம்

பித்தளைச் செம்பு, தாத்தாவின் கைக்கடிகாரம், ஊஞ்சல் பலகை முதலியவற்றின் மீது மனிதர் கொள்ளும் பிரியத்தைப் பற்றிப் போதிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. ஆனால் இன்று எவருடைய மேசைக்கும் எவ்வித அவசியமும் இல்லாத, 1998ஆம் வருஷத்திய ஒரு மதர்போர்டைக் கண்டதும், மற்றெல்லா விஷயங்களிலும் நிதானம் தவறாத குடும்பஸ்தர்கள் சற்று நேரம் வாயடைத்து நின்று, பிறகு அதன் ஓரத்திலுள்ள தூசியை வேட்டி நுனியாலோ சட்டை நுனியாலோ துடைக்கத் தொடங்குவது எதனால் என்பதை முறையாக விசாரித்த சாஸ்திரம் எதுவும் நம் கைக்குக் கிட்டவில்லை. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று.

ஆய்வுப் பொருளின் லக்ஷணத்தை முதலில் நிர்ணயிப்பது மரபு. பழமை ஒன்றே போதுமெனில் 386, 486 காலத்துப் போர்டுகளே முதல் மரியாதைக்கு உரியவை. ஆனால் அவற்றுள் பலவற்றின் மூலையில் சால்டர் வைத்துப் பொருத்தியிருந்த நிக்கல்-காட்மியம் பாட்டரி, வயது முதிர்ந்ததும் காரநீரைக் கசியவிட்டு அண்டையிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும் சுபாவம் உடையதாதலால், அவற்றின் மீது அபிமானிகளுக்கு இருப்பது அனுதாபமேயன்றிப் பக்தி அன்று. நம்பகம் ஒன்றே போதுமெனில், சென்ற வருஷம் வாங்கிய போர்டு இன்று காலையும் ஒழுங்காக விழித்துக்கொண்டது என்பதற்காக எவரும் புளகாங்கிதம் அடைந்து நாம் கண்டதில்லை. ஆகவே பழமையும் நம்பகமும் கூடியிருப்பதோடு, தன்னைப் படைத்தவரே ஓய்வுபெறச் சொன்ன பிறகும் ஓய்வுபெற மறுத்த பிடிவாதமும் எந்தப் போர்டில் காணப்படுகிறதோ, அதுவே மகாத்மியத்துக்கு உரியது. இந்த லக்ஷணம் குறைவறப் பொருந்துவது, 1998 ஏப்ரலில் இன்டெல் வெளியிட்ட 440பிஎக்ஸ் என்னும் சிப்செட்டைத் தாங்கிய போர்டுகளுக்கே என்பது நமது துணிபு.

இந்தச் சிப்செட்டுக்கு விதிக்கப்பட்ட பஸ் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். அதே வருஷம் ஆகஸ்டில், 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் நாலரை மடங்கு ஓடி 300ஐ எட்டும்படி அமைத்து, ஏழைகளுக்கென்று மலிவாக விற்கப்பட்ட செலரான் 300ஏ என்னும் பிராசஸரை இதில் அமர்த்திப் பஸ்ஸை மட்டும் 100க்கு உயர்த்தியபோது, அது பெரும்பாலும் முகம் சுளிக்காமல் 450இல் ஓடியது. பன்மடங்கு விலை கொடுத்து அதே வேகத்துப் பென்டியம் 2 வாங்கியவர்கள்தாம் முகம் சுளித்தார்கள். இதனால் தைரியம் பெற்றவர்கள் பஸ்ஸை 133க்கும் ஏற்றினார்கள். அப்போது, பஸ் வேகத்தை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழாகக் குறைக்கும் வழி பி.எக்ஸ்.ஸில் இல்லாமையால், 66இல் ஓடவேண்டிய, கிராபிக்ஸ் கார்டுக்கான ஏ.ஜி.பி. ஸ்லாட் 89இல் ஓடலாயிற்று. அதைத் தாங்காமல் திரை கலங்கிப்போனால் அபிமானிகள் கிராபிக்ஸ் கார்டைத்தான் நிந்தித்தார்கள். போர்டை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது பக்தியின் தன்மையை ஆராய்வோர் குறித்துக்கொள்ளத்தக்கது.

அபிமானிகளுக்குள் இரு சம்பிரதாயங்கள் உண்டு. ஆசுஸ் பி2பி போர்டை உபாசிப்போர், சிறு ஜம்பர்களை விரல் நகத்தால் பிடுங்கி, கையேட்டின் அட்டவணையைப் பார்த்து இடம் மாற்றிச் செருகுவதே ஆசாரம் என்பர்; ஒரு ஜம்பர் விரலிலிருந்து நழுவிக் கேஸுக்குள் விழுந்து, அதைத் தேடுவதில் அரைமணி நேரம் கழிவதும் அனுஷ்டானத்தின் பகுதியே. அபிட் பிஎச்6 போர்டை உபாசிப்போரோ, கேஸைத் திறவாமலே பயாஸ் திரையில் வேகத்தை மாற்றித்தரும் ‘சாஃப்ட்மெனு’வே ஞானமார்க்கம் என்பர். இவ்விரு சாராரும் ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பி குடிப்பார்கள்; ஆனால் பேச்சு இத்திசையில் திரும்பாதபடி வீட்டுப் பெண்மணிகள் பார்த்துக்கொள்வது உசிதம்.

இனி முக்கியமான சித்தாந்தத்துக்கு வருவோம். பி.எக்ஸ்.ஸின் கீர்த்தி அதனுள் இருந்து மட்டும் பிறந்ததன்று. அதற்குப் பின்வந்தவற்றின் நடத்தையிலிருந்து பிறந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் அருமை, அடுத்தவர் பொறுப்பேற்ற மூன்றாம் மாதத்திலிருந்துதான் ஊரில் பேசப்படுகிறதல்லவா? 1999 நவம்பரில் வாரிசாக வந்த 820 என்னும் சிப்செட், ராம்பஸ் என்னும் கொள்ளை விலை மெமரியையே தனக்கு ஆகாரமாகக் கேட்டது. அதை வாங்க வகையற்றவர்களுக்காகச் சாதாரண எஸ்டிராமையும் ஏற்கும்படி இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லை வைத்தார்கள். அந்தச் சில் பழுதுடையது என்று கண்டு, அது பொருந்திய போர்டுகளை 2000 மே மாதம் இன்டெல்லே திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அடுத்து ஜூனில் வந்த 815 நல்லொழுக்கம் உடையதுதான். 133 மெகாஹெர்ட்ஸை முறைப்படியே ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் 512 மெகாபைட்டுக்கு மேல் மெமரியை ஏற்காது. பி.எக்ஸ்.ஸோ ஒரு கிகாபைட் வரை ஏற்கும். பேரன் பாட்டனில் பாதியே உண்பதைக் கண்ட ஊரார் பாட்டனையே மீண்டும் தலைவாசலில் உட்காரவைத்தார்கள் என்பது சரித்திரம். அவரும் சும்மா உட்காரவில்லை. தாம் பிறந்தபோது 350, 400 என்று ஓடிய பிராசஸர்களுக்குப் பதிலாக, இடைச்செருகல் அட்டை ஒன்றின் உதவியால், 100ஐப் பதினான்கால் பெருக்கி ஓடும் 1.4 கிகாஹெர்ட்ஸ் செலரானையும் மடியில் தாங்கினார்.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும். உயிரோடு இருப்பவற்றை மட்டும் பார்த்து, ‘அந்தக் காலத்துச் சரக்கே தனி’ என்று சொல்வது நியாயமா, செத்தொழிந்தவை சாட்சி சொல்ல வருமா என்று தர்க்கசாஸ்திரம் அறிந்தவர் கேட்பர். கேள்வி வலிமையானதுதான், அதை நாம் மறுக்கப்போவதில்லை. ஆயினும், பி.எக்ஸ்.ஸின் யௌவனம் கழிந்து வந்த சில வருஷங்களில் மதர்போர்டு உலகைப் பீடித்த கெப்பாசிட்டர் கொள்ளைநோயை நினைவூட்டுகிறோம். எலக்ட்ரோலைட் திரவத்தின் கலவை சரியில்லாத கெப்பாசிட்டர்களில், திரவத்திலுள்ள நீர் அலுமினியத்தோடு கூடி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, தட்டையாக இருக்கவேண்டிய தலை உப்பி, கீறல் வழியே பழுப்பு நிறத்தில் கசியும். அரைகுறையாகக் களவாடப்பட்ட சூத்திரமே காரணம் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. தலை உப்பிய அந்தப் போர்டுகளோடு ஒப்பிட்டே, தலை தட்டையாக இருந்த பி.எக்ஸ். போர்டு மகான் ஆயிற்று. ஆக, பூர்வபட்சம் நமது சித்தாந்தத்துக்கே துணை செய்கிறது. பூர்வபட்சிகள் இதை எண்ணியிருக்கமாட்டார்கள்.

பற்றுக்கு லௌகிகப் பிரயோஜனமும் ஒன்று உண்டு. பி.எக்ஸ். போர்டுகளில் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் இருக்கும். டாஸ் காலத்து விளையாட்டுகள் ஒலி வேண்டுமானால் இயங்குதளத்தைக் கேட்பதில்லை. அந்த ஸ்லாட்டில் அமரும் சவுண்டு பிளாஸ்டர் என்னும் ஒலி கார்டின் முகவரிக் கதவை நேரே போய்த் தட்டும். பிற்காலத்துப் பி.சி.ஐ. கார்டுகள் அந்தக் கதவில் நின்றதுபோல் பாவனை செய்தனவேயன்றி எல்லா விளையாட்டையும் ஏமாற்ற அவற்றால் இயலவில்லை. ஆகவே, பென்டியம் 3இன் வேகமும் பழைய ஒலி கார்டும் ஒரே பெட்டியில் வேண்டுவோருக்குப் போக்கிடம் இதுவே.

கடைசியாக, இந்தப் போர்டு அடைந்த மோட்சத்தைச் சொல்லவேண்டும். விஎம்வேர் என்னும் மென்பொருள், ஒரு கணினிக்குள் பல கணினிகளைக் கற்பித்துக் காட்டும்போது, உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு ‘உன் மதர்போர்டு 440பிஎக்ஸ்’ என்றே சொல்லிவந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியும் தன் முதல் தலைமுறை மெய்நிகர் இயந்திரங்களுக்கு இதே சிப்செட்டைத்தான் கற்பிக்கிறது. ஸ்தூல சரீரத்தில் ஒரு கிகாபைட்டோடு நின்ற பலகை, சூக்ஷ்ம சரீரத்தில் நூற்றுக்கணக்கான கிகாபைட்டை ஏந்தி, உலகத்து வங்கிகளின் கணக்கையும் ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டையும் இரவு பகலாகச் சுமக்கிறது.

அபிமானிகளில் வைதிகமானவர்கள் இதை ஒப்புவதில்லை. உப்புவதற்குக் கெப்பாசிட்டரும், தீர்வதற்குப் பாட்டரியும், படிவதற்குத் தூசியும் இல்லாத ஒன்று வருஷக்கணக்காக ஓடுவதில் என்ன சாமர்த்தியம் என்று கேட்கிறார்கள். மேலும், கையில் சவுண்டு பிளாஸ்டர் கார்டை வைத்துக்கொண்டு அந்தச் சூக்ஷ்ம சரீரத்தின் எந்தப் பக்கம் போய் நிற்பது என்றும் கேட்கிறார்கள். மோட்சவாதிகளிடம் இதற்கு விடை இல்லை.