பனிக்குள் சிக்கிய கைரேகை

கேள்வி: எரிமலை வெடிப்பது ஓரிடம், அதைத் தேடி விஞ்ஞானிகள் துருவப் பனியில் துளை போடுகிறார்களே, ஏன்?

பதில்: கொலை ஓரிடம், கைரேகை வேறிடம்! பெரிய எரிமலை கக்கும் கந்தகம் வானில் ஏறி, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் துருவத்தில் பனியோடு விழுகிறது. அங்கே வருடத்துக்கு ஓர் அடுக்கு. எண்ணினால் தேதி கிடைத்துவிடும். (எண்ணப் பொறுமை வேண்டும், ஸ்வெட்டரும் வேண்டும்.)

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா இரண்டிலும் 1258-ஐ ஒட்டிய அடுக்கில் கந்தகம் எக்கச்சக்கம். இரு துருவத்திலும் இருந்ததால், ஆசாமி பூமத்திய ரேகைப் பக்கம் என்று புரிந்தது. பெயர்தான் தெரியவில்லை. மெக்ஸிகோவின் எல் சிச்சோன் எரிமலைமீதுகூடச் சந்தேகம் விழுந்தது, பாவம்! 2013-ல் பிரெஞ்சு ஆய்வாளர் பிராங்க் லவீன்யேயின் குழு இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமாலாஸ் எரிமலையைப் பிடித்தது. வெடித்த ஆண்டு 1257. பனியில் கிடந்த நுண்ணிய கண்ணாடித் துகள்களின் ரசாயனம் அதன் சாம்பலோடு ஒத்துப்போனது. சாட்சிக்குப் பழைய ஜாவா மொழியில் பனையோலைச் சுவடிகள்: மலை சரிந்ததும் பமத்தான் நகரம் அழிந்ததும் அவற்றில் இருக்கின்றன.

குற்றவாளி தலையிழந்து நிற்கிறது. தலை இருந்த இடத்துப் பள்ளத்தில் இப்போது ஓர் ஏரி. அங்கே மீன் பிடிக்கிறார்கள்.