பொய் சொன்னாலும் கம்பைல் ஆகும்

எங்கள் குழுவிடம் ஒரு பழைய ஜாவா லைப்ரரி இருக்கிறது. அதன் டாக்குமென்டேஷன் கமென்ட்டுகளைச் சுத்தம் செய்யும் திருப்பணி என் தலையில் விழுந்தது. புது ஃபீச்சர் என்றால் போட்டி போட்டுக் கை தூக்குகிறவர்களுக்கு, இதற்கு ஆள் கேட்டபோது மட்டும் ஒரே நேரத்தில் மீட்டிங் வந்துவிட்டது.

சாய்கோடு ஒன்று, நட்சத்திரம் இரண்டு போட்டு எழுதினால் ஜாவாடாக் கமென்ட். அதைத் திரட்டி வலைப்பக்கமாக்கித் தர ஒரு கருவி உண்டு. கோடில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் ஊரைக் கூட்டுகிற கம்பைலர், கமென்ட்டில் முழுப் பூசணிக்காயை மறைத்தாலும் வாய் திறக்காது.

அதனால் அங்கே பலரும் நிம்மதியாகக் குடியிருந்தார்கள். முதலில் வெட்டிப் பேச்சு: 'கெட்நேம்' மெத்தடுக்கு மேலே 'பெயரைத் தரும்' என்று ஒரு வரி; ரிட்டர்ன் டேக்கில் மறுபடியும் 'பெயர்'. அடுத்து ஆவிகள்: 'டைம்அவுட், மில்லிசெகண்டில்' என்று விளக்கம் இருக்கும், மெத்தடில் அப்படியொரு பாராமீட்டரே இருக்காது. பிறகு, 'தற்காலிக ஏற்பாடு, அடுத்த ரிலீஸில் எடுக்கவும்'. எழுதியவர் கம்பெனி மாறி, நாடும் மாறிவிட்டார். ஏற்பாடு அசையவில்லை. ஜாவாவின் கதையே அதுதான். டேட் கிளாஸின் 'கெட்இயர்' மெத்தடைப் பயன்படுத்தாதீர்கள் என்று 1997-இல் சொன்னார்கள். அது இன்றும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, 2024 என்றால் 124 என்கிறது.

2014-இல் வந்த ஜாவா 8 இந்தப் பொய்க் கமென்ட்டுகளுக்கு ஆப்பு வைத்தது. ஹெச்டிஎம்எல் பிழை, இல்லாத பாராமீட்டருக்கு விளக்கம் எல்லாவற்றையும் ஜாவாடாக் கருவி எரர் என்று நிறுத்தியது. நம்மவர்கள் கமென்ட்டைத் திருத்தவில்லை. சோதனையை அணைக்கும் ஆப்ஷனைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் பில்டிலும் அது பத்திரமாக இருந்தது.

திருத்தியதை ரிவ்யூவுக்கு அனுப்பினேன். ஆயிரம் வரி கோடுக்கு 'சூப்பர் ப்ரோ' என்று ஒப்புதல் தருகிறவர்கள், ஒரு காற்புள்ளிக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒருவர், யாருக்கும் புரியாத ஒரு வரியை அழிக்கவே விடவில்லை.

"அதுல கைய வைக்காதீங்க ப்ரோ, ஓடிட்டிருக்கு."

"அது கமென்ட் ப்ரோ, ஓடாது."

"இருந்தாலும்..."

புரியாததை நேர்மையாகச் சொன்னவர்களும் உண்டு. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், சிக்கலான ஓர் இடத்தில், இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு கமென்ட் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்ற அர்த்தத்தில் போட்டது என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். அங்கே நடப்பது தங்களுக்கே புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, கோடு எழுதும் அன்பர்களே! என்ன செய்கிறது என்பதைக் கோடே சொல்லிவிடும். ஏன் அப்படி, எந்த அலகில், 'நல்' (null) கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். கோடை மாற்றுகிற கையோடு மேலே இருக்கும் கமென்ட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பைலர் அதைப் படிக்கப்போவதில்லை.